எடை பூஜ்யத்துக்குக் கீழே போன தூண்டில் கம்பு

இதை நான் சொன்னால் எங்கேயாவது ஓரிடத்தில் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, போதாததற்கு எங்கள் சேத்தான்குளத்து ஆண்கள் இந்தக் கதையை டீக்கடையில் ஏற்கெனவே பதினோரு விதமாகச் சொல்லிவிட்டார்கள், அந்தப் பதினோரு விதத்திலும் அவர்கள் சொந்தத் திறமையால்தான் பறந்தார்கள், கயிறு என்ற ஒன்று எந்த விதத்திலும் வரவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கயிற்றின் கீழ்முனையில் இருந்து சொல்கிறேன்; மேல்முனையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் ஊர்க் குளம் பெரிய குளம், ஆனால் தண்ணீரைப் பார்க்க முடியாது. கரையில் இருந்து பத்தடி தள்ளி ஆரம்பித்து மறுகரை வரைக்கும் தாமரை இலை மூடிக்கிடக்கும், இலைக்கும் இலைக்கும் நடுவில் ஒரு தாம்பாளத்து அகலத்துக்கு அங்கங்கே இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்குக் கீழேதான் ஜிலேபிக் கெண்டையும் பனையேறிக் கெண்டையும் நிழலில் கூட்டமாக நிற்கும். வலை போட்டால் தண்டில் சிக்கிக் கிழியும். தூண்டிலை வீசிப் போட்டால் முள் இலையில் மாட்டும். கம்பை நீட்டி, நுனியை இடைவெளிக்கு நேர் மேலே கொண்டுபோய், புழுவை மெதுவாக இறக்க வேண்டும். அதற்குக் கம்பு நீளமாக இருக்க வேண்டும். நீளமான கம்பு கனக்கும், கனத்தால் மணிக்கட்டு நோகும், மணிக்கட்டு நொந்தால் நுனி ஆடும், நுனி ஆடினால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த மீன் வாயை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும், கடித்ததே கைக்குத் தெரியாது. ஆக நீளமும் வேண்டும், கனமும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே கம்பில் தேடுவதுதான் எங்கள் ஊர் ஆண்களின் வாழ்நாள் வேலை; வேறு வேலை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கரைமேல், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், தகரக் கூரை போட்டது என் கடை. கம்பு, நைலான் நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஈர மண்ணோடு டப்பாவில் மண்புழு. கடையை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர் நம்பிராஜன், நடத்துகிறவள் நான். இந்த ஏற்பாடு எந்தத் தேதியில் நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கம்பு தேர்ந்தெடுத்துத் தரச்சொல்லி என்னிடம்தான் வருவார்கள். நான் கம்பைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவேன், மூன்று எண்ணுவதற்குள் நுனி ஆட்டம் அடங்க வேண்டும். பிறகு இடது ஆள்காட்டி விரல்மேல் வைத்து நகர்த்துவேன், தானாகப் படுத்து நிற்கிற இடத்தில் இருந்து அடிமுனைவரை முழம் போடுவேன். மூன்று முழத்துக்குள் நின்றால் நாள் முழுக்கப் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் நுனிக்கனம்; அவரைக்கொடி படரவிடத்தான் ஆகும்.

இவ்வளவையும் செய்து நான் எடுத்துக் கொடுத்தாலும், அவர்கள் நேராகப் பக்கத்து மளிகைக்கடைக்குப் போய்த் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள். அந்த எடையை டீக்கடையில் அறிவிப்பார்கள். அதுதான் அந்த ஆளின் மரியாதை. "முந்நூறு வந்தாச்சா?" என்றால் முந்நூறு கிராம் கம்பு வைத்திருக்கும் சொரிமுத்து வந்தாரா என்று அர்த்தம். என் வீட்டுக்காரரை இருபது வருஷமாக "அரைக்கிலோ" என்றுதான் கூப்பிட்டார்கள். மகள் பிரேமாவின் கல்யாண வீட்டில், தாலி கட்டி முடிந்த கையோடு, யாரோ சம்பந்தியிடம் "அரைக்கிலோ சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மொபெட்காரர் ஒரு கட்டுக் கம்பைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அவர் யார், எந்த ஊர் என்று பிற்பாடு எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இந்தக் கதைக்கு அது உதவாது. சாம்பல் நிறக் கம்பு, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும், இழுத்தால் பதினெட்டு அடி. ஒன்றை நீட்டி வழக்கம்போல் விரல்மேல் வைத்தேன். அது விரலில் படுக்கவில்லை. அடுப்புப் புகைபோல நிதானமாக மேலே எழும்பி, தகரக் கூரையில் முட்டி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு எதற்குத்தான் பயம் வராது.

"என்னட்டி அங்க?" என்றார் என் வீட்டுக்காரர், திண்டில் சாய்ந்தபடி.

"இந்தக் கட்டு சரியில்ல. திருப்பி அனுப்பணும். விரல்ல நிக்க மாட்டேங்கு."

"கீழ விழுதா?"

"இல்ல. மேல போவுது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. "மேல போவுதுன்னா கனமே இல்லன்னுதானட்டி அர்த்தம்! இங்க கொண்டா!"

மளிகைக்கடைத் தராசில் கம்பு நிற்காததால் சாக்கு நூலால் கட்டிப் பார்த்தார்கள். முள் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் போய் நின்றது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பூஜ்யத்துக்குக் கீழ நாப்பது கிராம். நூலோட எடைய கழிச்சுத்தான் சொல்லுதேன்" என்றார், வியாபாரத்தில் சுத்தமானவர். என் வீட்டுக்காரர் கம்பைக் கையில் வாங்கினார். அவருடைய குதிகால் இரண்டும் தரையில் இருந்து இரண்டு விரற்கடை எழும்பின, அப்புறம் பெருவிரலும் எழும்பியது, அவர் அப்படியே டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். நடந்தார் என்று சொல்ல முடியாது. டீக்கடையே எழுந்து நின்றது. ஒரு மனுஷன் அந்தரத்தில் வருகிறானே என்று அல்ல, அந்த எடையைக் கேள்விப்பட்டு.

"எண்ணே, நாப்பதா? கீழயா?" என்றார் சொரிமுத்து, நேற்றுவரைக்கும் ஊரிலேயே லேசான ஆள். "நீளம் எவ்வளவு?"

"பதினெட்டு" என்றார் என் வீட்டுக்காரர். இருபது வருஷத்து அரைக்கிலோ அந்த ஒரு சொல்லில் இறங்கிப் போயிற்று.

மத்தியானத்துக்குள் கட்டு காலி.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், புது பஸ் விட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். கால் தரையில் படாததால் செருப்பு தேயாது என்று ஆளுக்கொரு விலை உயர்ந்த செருப்பு வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டே கோயிலுக்குள் போனார்கள், பூசாரி இரண்டு நாள் யோசித்து, தரையில் படாத செருப்பு செருப்பே இல்லை என்று முடிவு சொன்னார். குளத்துக் குத்தகைக்காரர் ஞானமுத்து, கரையில் நின்று தூண்டில் போடுவோர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று பலகை வைத்திருந்தார், "நாங்க எங்கவே நிக்கோம்?" என்று இவர்கள் மேலிருந்து கேட்டார்கள், அவர் ஒரு வாரம் தூங்காமல் யோசித்து, பலகையில் 'நின்றோ, நிற்காமலோ' என்று பெயின்ட்டில் சேர்த்தார். பஞ்சாயத்தில் கூட்டம் போட்டு, மின்கம்பிக்கு மேலே யாரும் போகக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று கேட்பதை விட்டுவிட்டு, பையன் எத்தனை அடியில் இருக்கிறான் என்று கேட்டார்கள். மூன்று அடிக்குக் குறைந்த வரனுக்குப் பெண்வீட்டார் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

மீனும் விழுந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தாமரைக்கு மேலே மிதந்தபடி எந்த இடைவெளிக்கும் நேராகப் போய்ப் புழுவை இறக்கலாம், கை வலிக்காது, கெண்டை முத்தம் கொடுத்தால்கூட மணிக்கட்டுக்குத் தெரியும். ஆனால் ஐப்பசிக் காற்று அடித்ததும் சொரிமுத்துவைக் கம்போடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஊர்க் குளத்தில் இறக்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் மாலை போட்டு ஷேர் ஆட்டோவில் அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு கயிறு தேவை என்று தெரிந்தது. கயிற்றின் ஒரு முனையைக் கணுக்காலில் கட்டுவது என்று உடனே முடிவாயிற்று. இன்னொரு முனையை எதில் கட்டுவது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். மரத்தில் கட்டினால் இடம் மாற முடியாது. மாட்டில் கட்டினால் மேயப் போய்விடும். கடைசியில், வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள் என்று எங்கள் இடுப்பில் கட்டினார்கள்.

அப்படித்தான் நாங்கள் கரைக்கு வந்தோம். காலையில் சமையலை முடித்துவிட்டு, இடுப்பில் தேங்காய்நார்க் கயிற்றோடு வரிசையாக நிற்போம், மேலே எங்கள் வீட்டு ஆண்கள், கீழே நாங்கள், தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டம் விடும் போட்டி போலத் தெரியும். எனக்குப் பக்கத்தில் சொரிமுத்துவின் பெண்டாட்டி கோமதி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை மதினி என்பாள், எதற்கும் சிரிப்பாள். ஒருநாள் வேடிக்கைக்குச் சொரிமுத்துவின் கம்பைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் எழும்பவில்லை. கம்புதான் உலக்கைபோலக் கீழே இறங்கியது.

"பொம்பளையளுக்கு மனசு பாரம்லா" என்று மேலிருந்து விளக்கம் சொன்னார் சொரிமுத்து. "எதையும் லேசா எடுத்துக்கிடப் படிக்கணும். எங்களப் பாரு."

பார்த்தோம். வேறு எங்கே பார்ப்பது? கழுத்துதான் வலித்தது.

கொஞ்ச நாளில் எனக்குச் சில விஷயங்கள் உறுத்தின. பிளாஸ்டிக் நாற்காலி நான் உட்கார்ந்ததும் கால் பரப்பியது. வாசலில் குனிந்து கோலம் போட்டால் கால் வைத்த இடம் குழிந்தது. கோமதி ஏறியதும் ஷேர் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது, டிரைவர் "அக்கா, நீங்க ரெண்டு டிக்கெட்" என்றான். துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா எங்களை ஒவ்வொருத்தியாக மிஷினில் ஏற்றிப் பார்த்தாள். பதினொரு கிலோ கூடியிருக்கிறீர்கள் என்றாள் என்னைப் பார்த்து. என் ரவிக்கை எப்போதும்போல லூசாகத்தான் இருந்தது, வளையல்கூட முன்புபோலவே கழன்று விழுந்தது, அதையும் அவளிடம் சொன்னேன். "சோத்தக் குறைங்க. நடங்க. மனசக் கவலையில்லாம வச்சிக்கிடுங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எல்லாப் பெண்களுக்கும் அதே தாள்தான்.

விஷயம் எனக்குப் புரிந்தது ரேஷன் கடையில். அரிசி நிறுக்கிற பெரிய தராசுப் பலகைமேல், உட்கார வேறு இடம் இல்லாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் எழுபத்திரண்டில் நின்றது. என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் என் வீட்டுக்காரர் கடைக் கூரை ஓரமாக மிதந்துகொண்டிருந்தார்.

"ஏ உலகு, அம்மைக்குக் கண் ஆஸ்பத்திரில தேதி குடுத்தாவள்ளா, அது என்னைக்கி?" என்றார்.

"வார மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழம."

"எனக்கு அன்னைக்கிக் குளத்துல வேல இருக்கு. நீ பாத்துக்கோ."

"சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

முள் எழுபத்து மூன்றுக்கு நகர்ந்தது. அதே நொடியில் இடுப்புக் கயிறு ஒரு முழம் மேலே இழுத்தது. நான் முள்ளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மேலிருந்து மறுபடியும், "பிரேமாவுக்கு ஏழாம் மாசம் ஆவுதே, வளைகாப்புக்குச் சம்பந்தி வீட்ல நாள் கேக்கணும்லா?" என்றார். வாய் எனக்கு முன்னாலேயே, "நான் பாத்துக்கிடுதேன்" என்றது. முப்பது வருஷம் பழகிய வாய். எழுபத்து நான்கு. இன்னொரு முழம்.

எடை என்பது எங்கேயும் காணாமல் போவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கம்பு தன் நாற்பது கிராமை மட்டும்தான் தூக்கியது. மீதியை எல்லாம் அவர் மேலே இருந்து இறக்கி வைத்தார், நான் கீழே இருந்து வாங்கிக்கொண்டேன். ஊர் முழுக்க இதேதான் நடந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்தில் போய்ச் சொன்னேன். தலைவர் நாலடி உயரத்தில் இருந்து குனிந்து அக்கறையாகக் கேட்டார். அன்று மாலையே தீர்மானம் போட்டார்கள்: கரையில் நிற்கும் பெண்களின் நலன் கருதி ஆளுக்கொரு ஜோடி கையுறை, மண்ணில் புதையாமல் இருக்க ஆளுக்கொரு பலகை. கையுறை ஆண்கள் அளவில் வந்தது. பலகை ஒரே வாரத்தில் எங்களோடு சேர்ந்து புதைந்துவிட்டது.

கார்த்திகையில் போட்டி வைத்தார்கள். மிக உயரத்தில் நின்று மிகப் பெரிய கெண்டையைப் பிடிப்பவருக்குக் கோப்பை. முந்தின மூன்று நாளும் விடாத மழை, கரை மண் அரைத்த உளுந்துபோலக் கிடந்தது. எனக்குப் போக மனமில்லை. "இன்னைக்கி வேண்டாங்க, கரை ஊறிக் கெடக்கு" என்றேன். "நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார், அதைச் சொல்லும்போதே ஒரு சாண் எழும்பினார்.

மைக் செட் கட்டிப் போட்டியை ஆரம்பித்தார்கள். உயரம் ஏற வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது ஆண்களுக்குத் தெரியாமலே தெரிந்திருந்தது. "கேஸ் புக்கு எங்கன்னு பாத்துக்கோ", "தங்கச்சி வீட்டுச் சண்டைய நீ பேசித் தீத்துரு", "மோட்டாருக்கு ஆளக் கூப்பிடு" என்று ஒவ்வொருவரும் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கரையில் இருந்து சரி சரி என்று குரல் எழ எழ, அவர்கள் பனை உயரத்துக்குப் போனார்கள். நாங்கள் இறங்கினோம். எனக்குக் கணுக்கால்வரை இருந்த சேறு முழங்காலுக்கு வந்தது. கோமதிக்குத் தொடைக்கு வந்தது. அவள் அப்போதும் சிரித்தாள், ஆனால் சத்தம் வரவில்லை.

"மதினி, எனக்குக் கால எடுக்க முடியல."

"கயித்த அவுத்துரு ஏட்டி!"

"அவுத்தா அவிய போயிருவாவளே, மதினி. மலைப் பக்கமால்லா காத்தடிக்கி."

அண்ணாந்து பார்த்தேன். பனை மட்டைக்கும் மேலே, மழை வெளிச்சத்தில், என் வீட்டுக்காரர் சின்னதாகத் தெரிந்தார். பதினெட்டு அடிக் கம்பின் நுனியில் நரம்பு தாமரை நடுவில் இறங்கியிருந்தது. கயிற்றை விட்டால் அவர் இல்லை. விடாவிட்டால் நான் இல்லை. சேறு முழங்காலைத் தாண்டியது, குளிர்ந்து இருந்தது.

"இங்கேருங்க!" என்று கத்தினேன். "நான் புதையுதேன்! கீழ வாங்க!"

"செத்த பொறுட்டி" என்றார் மேலிருந்து. "கடிக்குது."

நான் பயந்தவள்தான், ஆனால் அந்தக் 'கடிக்குது'வைக் கேட்டதும் எனக்குப் பயம் எல்லாம் போய் ஒரு தெளிவு வந்தது. கம்பு தேர்ந்தெடுக்கும்போது, இது ஆகாது, இதை ஓரமாக வை என்று கைக்கே தெரியுமே, அந்த மாதிரித் தெளிவு. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் என்னிடம் சொன்ன அதே குரலில், மைக் செட்டை மீறிச் சொன்னேன்:

"ஏங்க! அத்தைக்குக் கண் ஆபரேஷன் செவ்வாக்கிழம. காலைல வெறும் வயித்தோட பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவணும். சொட்டு மருந்து ரெண்டு மணிக்கொருக்கா. நீங்க பாத்துக்கிடுங்க!"

கயிறு தொய்ந்தது. என் வலது குதிகால் சேற்றில் இருந்து 'பளக்' என்று விடுபட்டது.

"என்னட்டி சொல்லுத? மீன் இருக்கு, பேசாத!"

"வளைகாப்புக்கு நாள் கேட்டா சம்பந்தியம்மா மூணு தடவ போன எடுக்கல. என்ன கோவம்னு தெரியல. கேட்டுச் சமாதானம் பண்ணணும். நீங்க பாத்துக்கிடுங்க!"

அவர் பனந்தலையில் இருந்து பாதி மரத்துக்கு வந்தார். அவருடைய முகம் இப்போது தெரிந்தது. கவலைப்படுகிற முகம், எனக்கு அதை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏ, நிப்பாட்டு! எல்லாரும் பாக்காவ!"

"பின்பக்கச் சுவத்துல வெடிப்பு ஓடிருக்கு. மழைக்கு நிக்குமா நிக்காதான்னு நான் ஐப்பசிலேர்ந்து தூங்கல. நீங்க பாத்துக்கிடுங்க!"

இப்போது இரண்டு ஆள் உயரம். என் கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன, கரையில் நிற்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த வாய்.

"என் முழங்காலு ரெண்டு வருஷமா வலிக்கி. படி ஏறும்போது சத்தம் கேக்கு. உங்ககிட்ட சொல்லல."

இதற்கு 'நீங்க பாத்துக்கிடுங்க' என்று நான் சேர்க்கவில்லை. சேர்க்காமலே அவர் கல்லைப்போல வந்து விழுந்தார், தாமரைக்கு நடுவில், இடுப்பளவு தண்ணீரில், கம்பை விடாமல். நரம்பின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல?" என்றார்.

"நீங்க உசரத்துல இருந்தீய" என்றேன்.

அப்புறம் என் இடது பக்கத்தில் இருந்த தபால்காரர் பெண்டாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்கேருங்க, சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து வரச்சொல்லி ஆள் விட்டிருக்காவ" என்று ஆரம்பித்தாள். அதன்பிறகு கரை முழுக்க ஒரே சத்தம், பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில், வருஷக்கணக்கில் மடித்து வைத்ததை எல்லாம் உதறினார்கள், தாமரைமேல் ஆண்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். தலைவர் விழுந்த இடத்தில் இலை கிழிந்து நல்ல அகலமான இடைவெளி ஒன்று கிடைத்தது, இன்றைக்கும் அங்கேதான் மீன் அதிகம். கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மைக் செட்காரர் வாடகைக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பஞ்சாயத்தில், அன்று காற்றழுத்தம் குறைந்ததால் ஆண்கள் தற்காலிகமாக இறங்க நேர்ந்தது என்று குறிப்பு எழுதி வைத்தார்கள்.

கோமதி மட்டும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய், "ஏட்டி, எதையாவது ஒண்ணச் சொல்லு, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினேன். அவளுக்கு இடுப்புவரை வந்திருந்தது.

"பாவம் மதினி, அவியளுக்குத் தாங்காது" என்றாள். "எனக்குன்னா பழகிப்போச்சு."

ஏழு பேர் சேர்ந்து மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டித்தான் அவளை எடுத்தோம். எடுத்துக் கரையில் போட்ட கருங்கல் பாளத்தில் நிற்கவைத்தோம். இப்போதும் அங்கேதான் நிற்கிறாள், கயிறு இடுப்பில். பாளம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது, நான் போகும்போதெல்லாம் விரல் வைத்துப் பார்க்கிறேன். சொரிமுத்து மேலே எங்கேயோ இருக்கிறார், மேகம் இல்லாத நாளில் புள்ளியாகத் தெரிவார். இப்போது ஊரிலேயே லேசான ஆள் மறுபடியும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் தரையில் நடக்கிறார். அந்தக் கம்பை வைத்திருக்கிறார், அது நல்ல கம்புதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தராசில் போடுவதில்லை. அத்தையைப் பாளையங்கோட்டைக்கு அவரே கூட்டிப்போனார், சொட்டு மருந்தைக் கண்ணுக்குப் பதில் காதில் விட்டார், நர்ஸ் திட்டினார்கள், திரும்பிப் போய் மறுபடியும் கற்றுக்கொண்டு வந்தார். சுவரைப் பார்க்கக் கொத்தனாரைக் கூட்டி வந்தார். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார். எனக்கு அறுபத்தொரு கிலோ.

ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆபத்து அவரிடம் இல்லை, என் வாயில் இருக்கிறது. காலையில் அவர் வந்து, "உலகு, துவரம்பருப்பு தீந்துபோச்சே, என்ன செய்ய?" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, அந்த முகத்தைப் பார்த்ததும் என் தொண்டையில் அந்த வார்த்தை ஓடி வந்து பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, விரட்டினாலும் போவதில்லை, ஒரு தடவை விட்டால் போதும், ஒரு கிலோ, அப்புறம் இன்னொரு கிலோ, அப்புறம் நானும் ஒரு கருங்கல் பாளத்தில்தான். நெஞ்சைக் கெட்டிப்படுத்திப் பார்த்தேன், ஆகவில்லை. சாமிக்கு நேர்ந்து பார்த்தேன், ஆகவில்லை. கடைசியில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் வாங்கி, சில்லுச் சில்லாக உடைத்து, முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டேன். யாராவது என்ன செய்ய என்று கேட்டால் உடனே ஒரு பெரிய சில்லைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறேன், வாய் நிறைந்துவிடும், பேச வராது, தலையை மட்டும் ஆட்டுவேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்.

போன மாதம் நர்சம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறியிருக்கிறது, கவலைப்பட வேண்டிய அளவு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். அந்தத் தாளை வாங்கி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.